சிறுவர் நாவலில் தாய் தகப்பனை உயிரோடு விட்டுவைத்தால் என்ன?

உவர்மலை வாசகி எழுதியது:

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கு. காலம் 2006, போர் நடந்த ஆண்டு. சம்பூர்ப் பக்கத்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் ஈச்சிலம்பற்றுக்குப் போகிறது. பிறகு வாகரை, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம். வழியில் தகப்பன், மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போகிறார். வரவில்லை. இவ்வளவும் எழுதியாகிவிட்டது. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

கைப்பிரதியைப் படித்த பெரியவர்கள் எல்லோரும் பேசிவைத்தது போல ஒரே யோசனையைச் சொன்னார்கள். தகப்பன் இறந்துவிட்டார் என்று வை. பிள்ளை அழட்டும். பிறகு சம்பூருக்குத் திரும்பட்டும். முற்றத்து முருங்கை துளிர்த்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் அல்லவா?

எனக்கு இதில் முதல் தடை, கணக்கு. சம்பூர் 2007இல் உயர் பாதுகாப்பு வலயமானது, ஊரவர் உள்ளே போக முடியவில்லை. பிறகு அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது 2015இல். கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் அதற்கும் அடுத்த ஆண்டு. ஒன்பது வயதில் வெளியேறியவள் பதினெட்டு வயதில்தான் தன் முற்றத்தை மிதித்திருக்க முடியும். சிறுமியாக அவள் திரும்பவே இல்லை. பத்து வயதில் அவளுக்கு முருங்கையைக் காட்டினால் அது பொய்.

அடுத்தது அந்த மரணம். நான் சனிக்கிழமைகளில் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ஏன் ரீச்சர், கதைப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா செத்துப்போகிறார்? என்னுடைய அம்மா குவைத்தில் இருக்கிறார்."

அவளுடைய கேள்வியை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். உயிரோடு இருக்கும், ஆனால் பக்கத்தில் இல்லாத தாய் தகப்பனை வைத்து ஏன் நாம் எழுதுவதில்லை?


கொட்டியாரக்குடா எழுதியது:

கொல்வது எழுதுகிறவருக்கு வசதி, வேறொன்றும் இல்லை. உம்மாவும் வாப்பாவும் வீட்டில் இருந்தால் பிள்ளையை இராத்திரியில் தனியே வெளியே அனுப்ப முடியாது. "எங்கே போகிறாய்?" என்று ஒரு குரல் வரும், கதை வாசற்படியிலேயே நின்றுவிடும். அதனால்தான் முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பேரையும் அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

எனக்கு உங்களோடு வேறொரு வழக்கு இருக்கிறது. நீங்கள் ஏப்ரலில் தொடங்குகிறீர்கள். ஆகஸ்ட் எங்கே? மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூர் நகருக்குள் வந்தபோது ஊரே கந்தளாய்க்கு நடந்தது. பாடசாலைகளிலும் மரத்தடிகளிலும் கிடந்தோம். உங்கள் நாவலில் மூதூர் முஸ்லிம் பையன் ஒருவன் வருகிறானா? வந்தால், சம்பூர்ச் சிறுமிக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்துவிட்டு மறையும் நல்ல அயலவனாக மட்டும் அவனை வைக்காதீர்கள். நாங்கள் கதைகளில் அந்த வேலையைச் செய்து களைத்துப்போனோம். அவனும் அடுப்பை அணைக்காமல் ஓடியவன்தான்.

அதே நேரம், எங்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டுக்குள் வீடு திரும்பினோம். சம்பூர்க்காரர் ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள். இதையும் மறைக்க வேண்டாம். திரும்பி வந்தவனும் வர முடியாதவளும் ஒரு நாள் சந்தித்தால் என்ன பேசுவார்கள்? நான் எழுத்தாளனாக இருந்தால் அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே நாவல் எழுதுவேன்.

குவைத் பிள்ளையைப் பற்றி: 2013இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, நினைவிருக்கிறதா? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போக முடியாது என்றது அது. அதைவிட மூத்த பிள்ளைகள் என்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டியிருந்தது, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. என் ராத்தாவின் (அக்காவின்) வீட்டுக்கு அதிகாரி வந்து விசாரித்தபோது மூத்தம்மா (பாட்டி) "நான் இருக்கிறேன், நான் பார்ப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராத்தாவின் மகன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உம்மா போகக்கூடாது என்று அவனுக்கு ஆசை. மூத்தம்மா நல்ல பதில் சொன்னால் உம்மா போய்விடுவார் என்று அவனுக்கு விளங்கியும் இருந்தது. இதைவிடப் பெரிய பேய்க்கதை எனக்குத் தெரியாது. யாரும் சாகவில்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பெற்றோரைக் கொல்வது நம் மரபு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நளன் கதையைப் பாருங்கள். சூதில் நாடு போகிறது. காட்டுக்குப் போகுமுன் பிள்ளைகள் இருவரும் தாயின் தகப்பன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். இன்றும் நம் குடும்பங்கள் செய்வது அதைத்தானே, அம்மம்மா வீட்டுக்கு அனுப்புவது?

நான் சொல்ல வந்த இடம் நளவெண்பாவின் கடைசிப் பகுதி. பாம்பு தீண்டி உருமாறிய நளன் சமையல்காரனாக மாமனார் ஊருக்கு வருகிறான். இவன்தானா அவன் என்று சோதிக்கத் தமயந்தி பிள்ளைகளை அவன் அருகே அனுப்புகிறாள். அவன் நடுங்கிப்போய் அவர்களை வாரி அணைத்து, என் மக்களைப் போல இருக்கிறீர்களே, நீங்கள் யார் மக்கள் என்று கேட்கிறான். பிள்ளைகள் அழுதுகொண்டே பதில் சொல்கிறார்கள்: நாங்கள் நிடத நாட்டு வேந்தனின் மக்கள், அவர் எங்கள் அன்னையைக் காட்டில் விட்டுப் போய்விட்டார், நாங்கள் இந்த நகரில் இருக்கிறோம், எங்கள் வளநாட்டை மற்றொருவன் ஆள்கிறான்.

யாரிடம் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. விட்டுப் போனவனிடமே சொல்கிறார்கள். புகழேந்தி நான்கு அடியில் முடித்த காரியம் இது. சகோதரி தம் நாவலின் தகப்பனை ஏன் கொல்ல வேண்டும்? உருமாறி வரட்டும்.

நம் மரபில் மறுபக்கமும் இருக்கிறது, நல்லதங்காள். பசிக்கு அஞ்சி ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். பிறகு சிவபெருமான் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். எழுப்பும் அந்தக் கடைசிப் பகுதியை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. நம்பிக்கை என்ற பெயரில் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றைக் கொடுப்பதைவிடச் சும்மா இருக்கலாம். (ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வந்த பிறகு கதை சொல்ல எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.)


கோட்டை மான் எழுதியது:

வாத்தியார் ஐயா, நளவெண்பாவைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் படிக்கக் கொடுப்பது?


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

கொடுக்க வேண்டாம். எழுதுகிறவர் படித்தால் போதும்.


ஏழாம் இலக்கக் கட்டில் எழுதியது:

இந்த இழையைப் பேசாமல் வாசித்துவிட்டுப் போக நினைத்தேன். ஆனால் இது என் வயிற்றில் பட்ட விஷயம்.

நான் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன். திருகோணமலை மாவட்டம்தான், எந்த இல்லம் என்பது வேண்டாம். தாயும் தகப்பனும் இன்றுவரை உயிரோடு இருக்கிறார்கள். தகப்பன் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். தாய் வயல் வேலைக்குப் போனார், என்னையும் தங்கையையும் வைத்துச் சோறு போட முடியவில்லை. இலங்கையில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான். தாயோ தகப்பனோ, சில வேளை இருவருமோ இருக்கிறார்கள். வறுமை, மறுமணம், வெளிநாட்டு வேலை, ஊரில் பாடசாலை தூரம் என்று ஏதோ ஒரு காரணம். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் எங்கள் பெற்றோர் செத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தலையைத் தடவுவார்கள். திருத்தினால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நாங்கள் திருத்துவதில்லை.

கதைப் புத்தகங்களில் எங்களைப் பற்றி வருவதில் எனக்குப் பொருந்தாதவற்றைச் சொல்கிறேன். இல்லத்துப் பொறுப்பாளர் எப்போதும் இராட்சசி, அல்லது தெய்வம். எங்கள் பொறுப்பாளர் அன்ரிக்குக் கால் வீக்கம். பின்னேரமானால் கோபம் வரும், காலையில் நல்லவர். அவ்வளவுதான். பிறகு, கதையில் பிள்ளைகள் மதில் ஏறி ஓடுகிறார்கள். நாங்கள் ஓடவே மாட்டோம். ஓடிவிட்டால், அம்மா பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே இருக்க மாட்டோமே! அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதுதான் எங்கள் வீரம். இதை எழுதிய ஒருவரையும் நான் வாசித்ததில்லை.

பிறந்தநாள் சாப்பாட்டை யாராவது எழுத வேண்டும். ஊரில் வசதியானவர்கள் தம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். பொரித்த கோழி, கேக், ஐஸ்கிரீம். நாங்கள் வரிசையாக நின்று அந்தப் பிள்ளைக்குப் பாட்டுப் பாட வேண்டும். அவன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். படம் எடுப்பார்கள். பாடுவது எனக்கு அடியோடு பிடிக்காது. ஐஸ்கிரீம் உயிர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கதை எழுதுகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்: ஒன்று நாங்கள் நன்றியோடு சிரிக்கிறோம், இல்லாவிட்டால் அவமானத்தில் கூனிப்போகிறோம். ஐஸ்கிரீம் இன்னும் ஒரு கரண்டி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே வெறுக்கவும் ஒரு பிள்ளைக்குத் தெரியும்.

இப்போது நம்பிக்கை. அம்மா வரும்போதெல்லாம் "அடுத்த விடுமுறைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்பார். விடுமுறை வரும், போகும். நான் அவரைப் பார்க்க வராமல் மலசலகூடத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு முறை அவர் வேறு மாதிரிப் பேசினார். "இந்த வருடம் உன்னைக் கூட்டிப்போக என்னால் முடியாது. அடுத்த வருடமும் தெரியாது. மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மட்டும் வருவேன்" என்றார். அன்று அழுதேன். ஆனால் மூன்றாவது ஞாயிறு அவர் வந்தார். அடுத்த மாதமும் வந்தார். எனக்கு நாள்காட்டி பார்க்கப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

வீடு கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொன்ன நாளில் ஒருவர் வர வேண்டியிருந்தது. உங்கள் சிறுமிக்கு முருங்கை வேண்டாம், அதைக் கொடுங்கள்.


கொட்டியாரக்குடா எழுதியது:

தம்பி, இதற்கு மேல் இந்த இழையில் யார் என்ன எழுதுவது? நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்.


நிலாவெளி மருமகள் எழுதியது:

நான் பேசுகிறேன், எனக்கும் கோபம் இருக்கிறது.

என் பெற்றோர் நிலாவெளிக்காரர். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர்கள். நான் பிறந்தது மண்டபம் முகாமில். சின்ன அறை, சேலைத் திரை, மாதாந்தப் பணக்கொடை, பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் நாள்கள், வெளியூர் போக அனுமதி. பெரியவர்களுக்கு அது சிறை. எனக்கு அது ஊர். பக்கத்து அறைப் பிள்ளைகள், கடற்கரை, பாம்பன் பாலத்தில் போகும் ரயில். போர் முடிந்த பிறகு அப்பா "வீட்டுக்குப் போகிறோம்" என்றார். நான் வீட்டிலிருந்துதான் புறப்பட்டேன்.

இங்கே வந்தபோது என் கையில் குடியுரிமைப் பத்திரம்கூட இல்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாரும் உரிய காலத்தில் சொல்லவில்லை. பாடசாலையில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பா கிணற்றைக் காட்டி "இது நம்முடையது" என்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதாக நடித்தேன். பதினொரு வயதில் தகப்பனுக்காக நடிப்பது பெரிய வேலை.

ஆகவே உவர்மலை அக்கா, மண், வேர், முற்றம் என்று எழுதும் கதைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியவர்களின் ஏக்கத்தைப் பிள்ளையின் வாயில் ஊட்டிவிடுகிறார்கள். உங்கள் சிறுமிக்கு மட்டக்களப்பு முகாமில் ஒரு சிநேகிதி கிடைப்பாள் அல்லவா? முகாமை விட்டுப் போகும் நாளில் அவள் அதற்காக அழட்டும். முகாமை நினைத்து ஏங்கும் பிள்ளையைப் பற்றி ஒரு கதை வேண்டும்.


மை வாசம் எழுதியது:

நான் சிறுவர் புத்தகம் அச்சிட்டு விற்பவன். அழகாகப் பேசுகிறீர்கள். யார் வாங்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புத்தகத்தைப் பிள்ளை வாங்குவதில்லை. தாய் வாங்குகிறார், கடையில் நின்றபடி கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு. அதைவிடப் பெரிய வாடிக்கை பாடசாலைப் பரிசளிப்பு விழா. அதிபர் அட்டையைப் பார்ப்பார், பக்கத்தைப் புரட்டுவார், தமக்கு ஏதும் வில்லங்கம் வருமா என்று பார்ப்பார். உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல் கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடுவார்.

என் ஆலோசனை: 2006ஐ விடுங்கள், 2004 டிசம்பரை எடுங்கள். சுனாமி. வீடு போகும், குடும்பம் பிரியும், எல்லாம் இருக்கும். கடலை யாரும் விசாரிக்கப் போவதில்லை. இதைச் சொன்னதற்கு என்னைத் திட்டுவீர்கள், தெரியும்.


நிலாவெளி மருமகள் எழுதியது:

திட்டுவதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.


உவர்மலை வாசகி எழுதியது:

மை வாசம் ஐயா, திட்டவில்லை, வழக்காடுகிறேன். அலை அடித்ததற்குக் கடல்தான் காரணம். அதற்குப் பிறகு நடந்ததற்குக் கடல் காரணமில்லை. கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று கோடு போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்று கடற்றொழிலாளர் கேட்டது எனக்குக் காதில் இருக்கிறது. பிறகு அந்தக் கோட்டைத் தளர்த்தினார்கள். அதுவரை தகரக் கொட்டகைக்குள் வெந்த பிள்ளையின் கதையை எழுதினாலும் உங்கள் அதிபர் புத்தகத்தை மூடத்தான் போகிறார்.

ஒன்று சரி. சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை உறவினரே வளர்த்தார்கள். அம்மம்மா, பெரியம்மா, சித்தப்பா. இழந்தது மட்டும் கதைக்கு வருகிறது, எடுத்து வளர்த்தவர்கள் வருவதில்லை. என் நாவலில் அம்மம்மாவுக்கு இன்னும் இடம் கொடுக்கப்போகிறேன்.

மற்றபடி முடிவு செய்துவிட்டேன். தகப்பன் சாகவில்லை. மட்டக்களப்பிலிருந்து குடும்பத்தைக் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் வருகிறார். மெலிந்து, பேச்சுக் குறைந்து. முகாம் வாசலில் மகளிடம் "நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்கிறார், அடையாளம் தெரியாமல் அல்ல, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். (நன்றி வாத்தியார்.) அவள் உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போவதாக அவர் வாக்குக் கொடுப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விடும்போது வாசலில் நிற்பேன் என்கிறார். ஏழாம் இலக்கக் கட்டில், இது உங்களுடையது. எடுத்துக்கொள்ளலாமா? சிநேகிதிக்காக அழும் காட்சியும் வருகிறது, நிலாவெளித் தங்கைக்காக. மூதூர்ப் பையனுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல்.

இன்னொரு செய்தி. தகப்பன் திரும்பிப் போகும் அத்தியாயத்தை வாசிப்பு வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கட்டை அவிழ்க்காமல் விட்டுவந்த கன்றுக்குட்டி என்னவாயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். ஒருவன் சாப்பிடாமல் இருந்தானாம், தாய் தொலைபேசியில் சண்டைக்கு வந்தார்.


ஏழாம் இலக்கக் கட்டில் எழுதியது:

எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிபந்தனையோடு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் பிந்தி வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு. அவள் வாசலில் நிற்க வேண்டும், காவலாளி வாயிற்கதவைப் பூட்ட வேண்டும். பிறகு வரட்டும். பிந்தாத தகப்பனை எங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.


ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை. நளன் கடைசியில் தன் உருவையும் பெற்றான், நாட்டையும் பெற்றான். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்து வயதுக்கு ஒரு முழுச் சந்தோஷம் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது. நீங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்காக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு உங்களுக்காக எழுதுகிறீர்களோ என்று எனக்கு ஐயம். ஒரு பொங்கலாவது வையுங்கள், முகாமிலேயே என்றாலும்.


நிலாவெளி மருமகள் எழுதியது:

முகாம் பொங்கல் நடக்கும் ஐயா. நாங்கள் ஆண்டுதோறும் பொங்கினோம், நன்றாகவே இருந்தது. அதற்கு யாரும் நாடு திரும்ப வேண்டியிருக்கவில்லை.


மை வாசம் எழுதியது:

சரி, தோற்றேன். சிறிய பதிப்பாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கன்று உயிரோடு இருக்க வேண்டும். அட்டையிலும் அதுதான். தகப்பனை எவ்வளவு பிந்தி வேண்டுமானாலும் வரவிடுங்கள், கன்று செத்தால் நான் அச்சிட மாட்டேன்.


கொட்டியாரக்குடா எழுதியது:

கன்று பிழைக்கட்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் 2006இல் அவிழ்த்து விட்டதும் விடாததுமான மாடுகள் எத்தனை பட்டிகளில் போய்ச் சேர்ந்தன, யாருடைய குறியைச் சுமந்தன என்று இந்தப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். கன்றை உயிரோடு வைத்தால் அது இன்று யாருடைய பட்டியில் நிற்கிறது என்று எழுத வேண்டும். என் மூதூர்ப் பையனின் வாப்பாவுடைய பட்டியாக இருந்தால், வாசகி அக்கா, எழுதுவீர்களா?


உவர்மலை வாசகி எழுதியது:

நீங்கள் முதலில் வாசித்துப் பார்ப்பதென்றால் எழுதுகிறேன். அந்த அத்தியாயத்தை உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். மாட்டுக்குக் குறி சுடுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதையும் சொல்லித் தாருங்கள்.